பாகாயத்துப் பலகாரப் பெட்டி: ஒரு கிறிஸ்துமஸ் கால மதிப்புரை

டிசம்பர் பிறந்துவிட்டால் வேலூரில் கேக் விற்காத பேக்கரி கிடையாது. காந்தி ரோட்டிலும் ஆபீசர்ஸ் லைனிலும் கடை வாசலில் மேசை போட்டு, பளபளக்கும் தாள் சுற்றிய பிளம் கேக்குகளை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். இந்த மதிப்புரை அவற்றைப் பற்றியதன்று. பாகாயத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், நவம்பர் கடைசி வாரம் தொடங்கிப் புத்தாண்டு வரை, தம் வீட்டுச் சமையலறையிலேயே செய்து தரும் கிறிஸ்துமஸ் பலகாரப் பெட்டியைப் பற்றியது. அவர் பெயர்ப் பலகை வைத்துக் கடை நடத்துபவர் அல்லர். வாய்வழியாகக் கேள்விப்பட்டு வருகிறவர்களுக்கே இரண்டு அடுப்பும் ஓர் அவனும் போதவில்லை என்பதால், பெயரையும் தெருவையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மருத்துவமனையில் பணியாற்றிய காலத்திலிருந்து எல்லோரும் அவரை 'சிஸ்டர்' என்றே அழைத்துப் பழகியிருப்பதால், நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

இந்தப் பெட்டியின் அருமை புரிய வேண்டுமானால் அது விற்கப்படும் இடத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பாகாயமும் அதை ஒட்டிய ஓட்டேரி, தொரப்பாடிப் பகுதிகளும் கல்லூரிகளை அண்டி வளர்ந்தவை. 1918இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. மருத்துவமனை நகரத்துக்குள் இருக்க, கல்லூரி வளாகம் பாகாயத்தில் இருக்கிறது. தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியும் இதே பாகாயத்தில்தான். முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி ஓட்டேரியில் இருக்கிறது. பாலாற்றைத் தாண்டிக் காட்பாடிப் பக்கம் போனால் வி.ஐ.டி.யும் ஆக்சிலியம் மகளிர் கல்லூரியும் வருகின்றன. ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் ஓடும் 1, 2 எண் நகரப் பேருந்துகளில் ஏறினால் பாதிப் பேர் தோளில் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நிற்பார்கள்.

செமஸ்டர் தேர்வு முடிந்ததும் அந்தக் கூட்டம் காட்பாடி ரயில் நிலையத்துக்குப் போய்விடுகிறது. மெஸ்கள் அரைக் கதவைச் சாத்துகின்றன. ஜெராக்ஸ் கடைக்காரர் மாலையிலேயே வீட்டுக்குக் கிளம்புகிறார். ஊர் காலியாகிவிட்டது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால், வார்டுகளுக்கு விடுமுறை கிடையாது. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர்களும் ஹவுஸ் சர்ஜன்களும் இங்கேதான் இருக்கிறார்கள். நாகாலாந்து, மிசோரம், மேகாலயா போன்ற மாநிலங்களிலிருந்து வந்து படிப்பவர்களில் பலருக்கு, வீடு போய்ச் சேரவே ரயிலிலும் மலைப்பாதையிலுமாக இரண்டு நாட்களுக்கு மேலாகும் என்பதால், குறுகிய விடுமுறையில் ஊருக்குப் போவது இயலாத காரியம். அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸைவிடப் பெரிய பண்டிகை வேறில்லை. அந்தப் பண்டிகையன்று, அவர்கள் விடுதி அறையில் தனியாக இருக்கிறார்கள். சிஸ்டரின் பெட்டி இவர்களை நினைத்து அளவெடுத்துச் செய்யப்பட்டது என்பதே இதைப் பற்றி நான் முதலில் சொல்ல விரும்புவது.

கடைக் கேக்கின் அளவு குடும்பத்துக்கான அளவு. ஒரு கிலோ கேக்கை வாங்கினால் அதை வெட்டக் கத்தி வேண்டும், வைக்கத் தட்டு வேண்டும், மீந்ததைப் பாதுகாக்க ஃபிரிட்ஜ் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பகிர்ந்து உண்ண நான்கு பேர் வேண்டும். விடுதியில் தங்கிவிட்டவரிடம் இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. சிஸ்டரிடம் ஒரு கிலோ, அரைக் கிலோ அளவில் குடும்பப் பெட்டிகளும் உண்டு. ஆனாலும் அவர் அதிகம் செய்வது எல்லோரும் 'டூட்டி டப்பா' என்று பெயர் வைத்துவிட்ட சிறிய பெட்டியைத்தான். வெண்ணெய்த்தாளில் சுற்றிய ஒரு கனத்த துண்டு பிளம் கேக், இரண்டு அச்சு முறுக்கு, ஒரு கைப்பிடி கலகலா (சிறு சங்கு வடிவ மாவுப் பலகாரம்), ஓர் அதிரசம் ஆகியவை அதில் இருக்கும். கேக்கை நான்காகக் கீறித்தான் சுற்றுகிறார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "நைட் டூட்டில உக்காந்து சாப்பிட எங்க நைனா நேரம் இருக்குது? போறப்ப வர்றப்ப ஒரு கையால எடுத்து வாயில போட்டுக்கற மாதிரி இருக்கணும்." இரவு வார்டில் நின்று பழகியவர் சொல்லும் சொல் அது, எந்தப் பேக்கரியும் இந்தக் கோணத்தில் கேக்கை வெட்டி நான் பார்த்ததில்லை.

இனிச் சுவைக்கு வருவோம். பிளம் கேக்கில் அவருடைய கைப்பக்குவம் கேரளத்தைச் சேர்ந்தது. செவிலியர் விடுதியில் அறைத்தோழியாக இருந்த மலையாளி சிஸ்டரிடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். மருத்துவமனையில் கேரளத்துச் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றி வருவதால், வேலூர்க் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் இந்தப் பாணி ஊறிவிட்டது. 1883இல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்று அவர்கள் ஊரில் பெருமையோடு சொல்வார்கள். அந்த வழிவந்த கேக்கின் உயிர் சர்க்கரையைக் கருக்கும் பதத்தில் இருக்கிறது. வெறும் சட்டியில் சர்க்கரையை உருக்கி, அது பொன்னிறம் தாண்டி, அடர்பழுப்பாகி, லேசாகப் புகை கிளம்பும் நேரத்தில் வெந்நீரை ஊற்றி நிறுத்த வேண்டும். முன்னதாகவே நிறுத்தினால் கேக் வெளிறிப்போகும். சில நொடிகள் பிந்தினால் கசந்துவிடும். சிஸ்டர் துணிந்து விளிம்புவரை போகிறார். அதனால் கேக்கின் நிறம் ஏறக்குறையக் கருப்பு. விழுங்கியபின் அடிநாக்கில் மெல்லிய கசப்பு ஒன்று தங்குகிறது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது, இனிப்பு திகட்டாமல் காப்பது அதுதான். எங்கள் வீட்டுச் சின்னப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. குழந்தைகளுக்காக வாங்குபவர்கள் இதை மனத்தில் கொள்ளலாம்.

பழங்களை அவர் ரம்மிலோ பிராந்தியிலோ ஊறவைப்பதில்லை. திராட்சைச் சாறும் ஆரஞ்சுச் சாறும்தான். மது புழங்காத வீடுகளும், நோயாளிகளோடு வந்து தங்கியிருப்பவர்களும், பக்கத்துத் தெரு முஸ்லிம் குடும்பங்களும் தயங்காமல் வாங்குவதற்கு இது முக்கியமான காரணம். இதற்கு ஒரு விலையும் உண்டு: மதுவில் ஊறிய பழக் கேக்கு மாதக்கணக்கில் கெடாமல் இருந்து மணம் கூடிக்கொண்டே போகும், சாற்றில் ஊறியது அவ்வளவு தாங்காது. செய்த மறுநாளைவிட மூன்றாம் நாள் கிராம்பும் ஜாதிக்காயும் சுக்கும் ஒன்றோடொன்று கலந்து சுவை நன்றாக இறங்கியிருக்கிறது. ஒரு வாரத்துக்குமேல் வெளியில் வைக்காமல் இருப்பது நல்லது. மலிவான கேக்குகளில் பழம் என்ற பெயரில் பெரும்பாலும் இருப்பது பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் போட்டுச் சாயமேற்றிய டூட்டி ஃப்ரூட்டிதான். இங்கே அது கண்ணில் படுகிற அளவுக்குக்கூட இல்லை. உலர்திராட்சையும் முந்திரியும் பேரீச்சையும் ஆரஞ்சுத் தோலுமே வாயில் அகப்படுகின்றன.

ஆனாலும் இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது கேக் அன்று, அச்சு முறுக்குத்தான். பித்தளைப் பூ அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் முக்கிச் சூடேற்றி, உடனே மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்க வேண்டும். அச்சு ஆறியிருந்தால் மாவு அதில் ஒட்டவே ஒட்டாது. அச்சின் மேல்விளிம்பு வரை மாவு ஏறிவிட்டால் பொரிந்த பூ கழன்று வராது. முக்கால் பங்கு மட்டும் தோய்த்து, எண்ணெயில் இறக்கியதும் கம்பியை ஓர் உதறு உதறினால் பூ தானாகக் கழன்று மிதக்கும். சிஸ்டர் அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேசிக்கொண்டே, பார்வையை எங்கோ வைத்துக்கொண்டே செய்கிறார். ஒரு பூவும் உடையவில்லை. அரிசி மாவு, கொஞ்சம் மைதா, முட்டை, தேங்காய்ப்பால், கருப்பு எள் ஆகியவை சேர்ந்த அந்த முறுக்கைப் பல்லில் வைத்தால் நொறுங்குகிறது. அழுத்திக் கடிக்க வேண்டியதில்லை. எண்ணெய் வாடை துளியும் இல்லை. பழைய எண்ணெயை மறுபடி பயன்படுத்துவதில்லை என்று அவர் சொன்னதை அந்த முறுக்கே மெய்ப்பிக்கிறது.

கலகலா செய்யும் மாலைகள் இந்த வட்டாரத்தின் விடுமுறைக்கால நிகழ்ச்சிகளில் ஒன்றாகவே ஆகிவிட்டன. பிசைந்த மாவைச் சிறு உருண்டைகளாக்கி, புதிய சீப்பின் பற்கள்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்ட வேண்டும்; ஒவ்வொன்றும் வரிவரியான சிறு சங்குபோல் வரும். ஓர் ஆள் செய்து மாளாத வேலை இது. ஆகவே கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலம் தொடங்கியதும் மாலை வேளைகளில் சிஸ்டர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஊரில் தங்கிவிட்ட மாணவிகள், எதிர்வீட்டு அம்மாக்கள், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். நெற்றியில் குங்குமம் வைத்தவர்களும் முக்காடு போட்டவர்களும் அதில் உண்டு. ஐஸ்வாலிலிருந்து வந்து நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி, தமிழில் எண்ணக் கற்றுக்கொண்டதே இங்கே கலகலா எண்ணித்தான் என்றாள். யாருக்கும் கூலி கிடையாது. போகும்போது ஆளுக்கொரு டப்பா. இப்படிப் பல கை பட்டுச் செய்வதால் கலகலாவின் அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை. பெரியது சற்று மெத்தென்றும் சிறியது சற்று முறுகியும் இருக்கிறது. தரம் பார்ப்பவர்கள் இதைக் குறை என்பார்கள். நான் சொல்லமாட்டேன்.

அதிரசம் சுமாருக்குச் சற்று மேல், அவ்வளவே. வெல்லப்பாகு பதமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஆர்டர் குவியும்போது மாவுக்கு வேண்டிய ஓய்வு கிடைப்பதில்லை போலும், நடுப்பகுதி சற்றே இறுகிவிடுகிறது. தீபாவளிக்கு இதே பகுதியில் நான் சாப்பிட்ட சில வீட்டு அதிரசங்கள் இதைவிட மிருதுவானவை.

குறை என்று எடுத்துச் சொல்ல வேண்டியவை வேறு சில உண்டு. முதலாவது, முட்டை பற்றியது. வட மாநில மாணவர்களில் பலர் முட்டை சேராத கேக்கைக் கேட்பதால் சிஸ்டர் தயிர் சேர்த்து அதையும் செய்கிறார். ஆனால் அது வறண்டு, கைபட்டாலே உதிர்ந்துபோகிறது. அவருடைய மற்றப் பலகாரங்களோடு ஒப்பிட்டால் அது அவர் கை செய்ததென்றே நம்ப முடியவில்லை. கேக்கின் மேலுறையில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணும், செய்த தேதியும், முட்டை சேர்ந்ததற்குப் பழுப்புக் குறி, சேராததற்குப் பச்சைக் குறி என்பதும் முறையாக இருக்கின்றன. ஆயினும் அதே பெட்டிக்குள் இருக்கும் அச்சு முறுக்கிலும் கலகலாவிலும் முட்டை உண்டு. அதைச் சொல்லும் குறிப்பு பெட்டியின்மீது எங்குமில்லை. முட்டை சேராத கேக்கை வாங்கிக்கொண்டு, மற்றவற்றையும் சைவம் என்று நம்பி ஒருவர் சாப்பிட்டுவிட வாய்ப்பிருக்கிறது. இதை அவரிடம் நேரிலேயே எடுத்துச் சொன்னேன். தனி டப்பா போடுவதாக ஒத்துக்கொண்டார். அதுவரை, முட்டை தவிர்ப்பவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, பெட்டியின் அட்டை மிக மெல்லியது. அதிரசத்தின் எண்ணெய் கசிந்து கேக் சுற்றிய தாளை நனைத்துவிடுகிறது. இடையில் ஒரு தடுப்புத் தாள் வைத்தால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. மூன்றாவது, 23, 24 ஆகிய இரண்டு மாலைகளிலும் அந்தக் குறுகிய தெருவில் இருசக்கர வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. யாருடைய பெட்டி எது என்று தேடி எடுக்கவே நெடுநேரம் ஆகிறது. அட்டையில் பெயர் எழுதி ஒட்டினால் போதும், வரிசை பாதியாகக் குறையும்.

விலையைப் பொறுத்தவரை, சாதாரணப் பேக்கரிக் கேக்கைவிடக் கூடுதல்தான். வெண்ணெயும் முந்திரியும் விற்கும் விலைக்கு அது நியாயமான கூடுதல். டூட்டி டப்பாவின் விலையை மட்டும் அவர் வேண்டுமென்றே கீழே வைத்திருக்கிறார் என்பது எடையைப் பார்த்தாலே தெரிகிறது. குடும்பப் பெட்டிக்குப் பாதித் தொகையை முன்பணமாக வாங்குகிறார், மாணவர்களிடம் வாங்குவதில்லை.

டூட்டி டப்பாக்களை வாங்குபவர்கள் எல்லோரும் தங்களுக்காக வாங்குவதில்லை என்பது நான் கவனித்த இன்னொரு செய்தி. வேறு பிரிவில் இரவுப் பணி பார்க்கும் தோழிக்காகச் செவிலியர்கள் வாங்குகிறார்கள். ஊருக்குப் போகும் மாணவன், போக முடியாத அறைத்தோழனுக்காகப் பணம் கட்டிவிட்டுப் போகிறான். காந்தி ரோட்டுப் பக்கத்து லாட்ஜுகளில் சிகிச்சைக்காக வாரக்கணக்கில் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பங்களுக்கும் இந்த டப்பாக்கள் போகின்றன. கொல்கத்தாவில் டிசம்பர் 25 அன்று கேக் வாங்குவதற்கு ஒருவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. மதம் பாராமல் ஊரே வாங்கும். அந்தப் பழக்கத்தோடு வந்தவர்களுக்கு, ஊரைவிட்டு நோயோடு தங்கியிருக்கும் நாட்களில் ஒரு துண்டு கேக் எவ்வளவு ஆறுதல் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இதே பெட்டியின் இன்னொரு வடிவம் கேரல் ரவுண்ட்ஸுக்காகச் செய்யப்படுகிறது. டிசம்பர் நடுவிலிருந்து சபைக் குழுக்கள் இரவு நேரங்களில் வீடு வீடாகப் பாடிவருகின்றன. கிதாரும் டிரம்மும் ஒரு வேனில் வரும். கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்ட இளைஞர் முன்னால் ஆடிவருவார். வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கும் வீடுகளில் இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், அதன்பின் தேநீரும் கேக்கும். முப்பது நாற்பது பேருக்கு நடு இரவில் கேக் வெட்டிப் பங்கிடுவது எளிதன்று என்பதால், துண்டு போட்ட கேக்கைத் தட்டோடு அனுப்பிவைத்து, மறுநாள் தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார் சிஸ்டர். எங்கள் தெருவுக்கு வந்த குழுவில் தமிழ்ப் பாட்டுக்குப் பிறகு ஒரு மலையாளப் பாட்டும், அதன்பின் மிசோ மொழியில் ஒரு பாட்டும் பாடினார்கள். கிறிஸ்தவர் அல்லாத வீட்டாரும் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள். கட்டணமில்லாமல் இவ்வளவு நல்ல நிகழ்ச்சி இந்த ஊரில் ஆண்டுக்கு ஒருமுறைதான் வாய்க்கிறது; அந்த வாரத்தில் வேலூரில் இருக்க நேரும் எவரும் இதைத் தவறவிடக் கூடாது. வெளியூரிலிருந்து வருபவர்கள், கோட்டைக்குள் 1846இல் கட்டப்பட்ட புனித யோவான் தேவாலயத்தையும் பார்த்துவிடலாம். ஜலகண்டேஸ்வரர் கோயிலும் பள்ளிவாசலும் அதே கோட்டைக்குள்தான் இருக்கின்றன.

புத்தாண்டுக்கு முந்தைய இரவு ஆராதனை முடிந்ததும் சிஸ்டர் அடுப்பை நிறுத்திவிடுகிறார். பொங்கலுக்கு எதுவும் செய்து விற்பதில்லை. அது தமக்குப் பெட்டி வரும் காலம் என்றார். டிசம்பரில் அவரிடமிருந்து பலகாரம் போன வீடுகளிலிருந்து தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் வருகின்றன. ரம்ஜானுக்கு முஸ்லிம் வீட்டிலிருந்து பிரியாணி வருகிறது. அந்த வகையில் அவருடைய கணக்கு நேராகிவிடுவதாகச் சொன்னார்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பர் இரண்டாம் வாரத்தோடு குடும்பப் பெட்டி ஆர்டர்களை நிறுத்திவிடுகிறார். டூட்டி டப்பா மட்டும் 24ஆம் தேதி பிற்பகல் வரை கிடைக்கும். பகலில் தொலைபேசியை எடுப்பதில்லை, மாலை ஆறு மணிக்குமேல் எடுக்கிறார். காட்பாடிக்குக் கொண்டுவந்து கொடுக்க ஆள் கிடையாது. நீங்களே பேருந்தில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், பெட்டியைச் சாய்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு போவது நல்லது. கேக்கும் அச்சு முறுக்கும் கட்டாயம் வாங்கலாம். அதிரசம் வேண்டுமானால் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள், அப்போது மாவு நன்றாக ஊறியிருக்கும். முட்டை சேராத கேக்கைத் தவிர்த்துவிட்டு, அதற்குப் பதில் அதிரசத்தையே கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம்.